ஜீனத் விட்ட சொட்டு மருந்து

சண்டை வரப்போகிறது, வந்தால் இரும்பு விலை ஏறும் என்று திருச்சி பெரிய கடைவீதி முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தப் பேச்சு எட்டாத ஒரே இரும்புக் கடைக்காரர் சேக் மைதீன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

கொஞ்சம் என்பது அவர் சொல்கிற கணக்கு. அவர் மனைவி ஜீனத்தைக் கேட்டால், "அடைச்சே போச்சு" என்பாள். ஆணி கேட்டு வந்த தச்சர் ஒருவரிடம், "ஆனையா? அதுக்கு நீங்க திருவானைக்காவலுக்கில்ல போவணும்!" என்று சொல்லி அனுப்பினாராம். கடைவீதியே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தம்முடைய பேச்சு சாமர்த்தியத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று சேக் மைதீனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

கடையில் எப்படியோ போயிற்று. வீட்டில்தான் கஷ்டம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். ஜீனத்துக்குக் குரல் மெல்லிசு, பேச்சு நிறைய. இப்போது சோறு, தண்ணி, சாவி என்று கத்திச் சொல்லக்கூடியவை மட்டும்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தன. கத்திச் சொல்ல முடியாததுதான் குடித்தனத்தில் முக்கால்வாசி என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மகள் ஞாபகமாகவே இருக்கிறது என்பதைத் தெருவுக்கே கேட்கக் கூவ முடியுமா? அதனால் அதையெல்லாம் பழைய குரலிலேயே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவரும் எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டி வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். பின்பக்கம் கைலி ஒரு சாண் கிழிந்திருந்ததை ஜீனத் அப்போதுதான் பார்த்தாள். கதவிடுக்கில் நின்று முதல் தரம் மெதுவாகச் சொன்னாள். இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்க. மூன்றாம் தரம் அடிவயிற்றிலிருந்து, "கைலி பின்னால கிழிஞ்சிருக்குங்க!" என்று கத்திவிட்டாள். பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சேக் மைதீன் மட்டும் திரும்பாமல் கம்பீரமாக நடந்து போனார்.

அன்று சாயங்காலமே ஜீனத் முடிவு கட்டிவிட்டாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி!" என்று அவள் கத்தியது எதிர்வீட்டு ஷரீபாவுக்குக் கேட்டு, அவள் ஓடிவந்து, "யாருக்கக்கா உடம்புக்கு?" என்றாள்.

"எனக்குத்தான். தொண்டைக்கு" என்றாள் ஜீனத்.

மறுநாள் பிச்சமுத்துவின் ஜட்கா வண்டியில் போனார்கள். ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் கட்டி, கூரையில் மின்சார விசிறி மாட்டியிருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம் பெஞ்சு, பெண்களுக்கு ஒரு பக்கம். சேக் மைதீன் விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்ததே அதற்குத்தான் என்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வியாகுலம்மாள் என்ற நர்ஸ் கதவருகே நின்று, "சேக் மைதீன்!" என்று கூப்பிட்டாள். அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சேக் மைதீன்னு யாரும் வரலையா? அடுத்த ஆளு!"

ஜீனத் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். "இருக்காங்க, இருக்காங்க."

"யாரு?"

புருசன் பேரை அவள் கல்யாணமானதிலிருந்து வாயால் சொன்னதில்லை. "நீங்க இப்பக் கூப்பிட்டீங்களே, அவங்க."

"சேக் மைதீனா?"

"அவங்கதான்."

"அப்ப வரச் சொல்லுங்க பாயம்மா!"

"கூப்பிட்டாக் கேக்காது. அதுக்குத்தான வந்திருக்கோம்?"

கடைசியில் அவளே ஆண்கள் பக்கம் போய் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திடுக்கிட்டு எழுந்து, "சத்தம் போடாமக் கூப்பிடக் கூடாதா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நெற்றியில் நடுவில் துளை போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றைக் கட்டியிருந்தார்.

"எத்தனை நாளாக் கேக்கலை?"

"இரும்பு யாவாரங்க" என்றார் சேக் மைதீன்.

"வலி இருக்கா?"

"அல்லா புண்ணியத்துல ஒரே பொண்ணு. காரைக்குடியில குடுத்திருக்கு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதைப் பிடித்து இழுத்து, கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு ஜீனத் பக்கம் திரும்பினார். "பயப்பட ஒண்ணுமில்லைம்மா. அழுக்கு இறுகிக் கல்லாட்டம் ஆயிருக்கு. உங்க வீட்டுக்காரரு கடைச் சரக்கையெல்லாம் இங்கதான் பத்திரப்படுத்தி வச்சிருக்காரு போல. ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டு ஊறவைங்க. அப்புறம் பீச்சாங்குழல் வச்சுக் கழுவிடலாம்."

வீட்டிலிருந்து கொண்டுபோன சீசாவில் கம்பவுண்டர் தைரியராஜ் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். தினமும் சாயங்காலம், காதுக்குக் கொஞ்சம், விட்டபின் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

மஃரிபு தொழுகை முடிந்ததும் ஜீனத் காலை மடக்கி உட்காருவாள். அவர் அவள் மடியில் தலையைச் சாய்ப்பார். கல்யாணமான புதிதில் இருந்த வழக்கம், மகள் பிறந்த பிறகு நின்று போனது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததால் திரும்ப வந்துவிட்டதை நினைத்து ஜீனத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சொட்டு மருந்து ஊறுகிற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? பேசினாள்.

"இதுக்குள்ள அடைச்சிருக்கறது அழுக்கில்லீங்க. இத்தனை வருசமா நான் சொன்னதுதான் எல்லாம். ஒண்ணாவது உள்ள போயிருந்தாத்தான?" என்பாள். "பாடறதை மட்டும் விட்டுடுங்க. நீங்க குளிக்கறப்பப் பாடினா, ஷரீபா வீட்டு ஆடு பதில் சொல்லுது" என்பாள். "உங்க அக்கா வந்தா ஊறுகா ஜாடியைத் தெறந்து பாக்கறதை நான் கவனிக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க" என்பாள். சில நாள் பேச்சு வேறு மாதிரிப் போகும். "அந்தப் பச்சை சட்டையில நீங்க எம்புட்டு அழகு தெரியுமா? சொன்னாத் தலைக்கேறிடும்னு சொல்லாம இருந்தேன்." அவர் கண்ணை மூடிக் கிடப்பார்.

கழுவுகிற நாளன்று ஷரீபாவுக்குக் காய்ச்சல். அவள் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட ஜீனத் போக வேண்டியதாயிற்று. "எனக்கு வழி தெரியும், நர்ஸம்மாவுக்கு என்னைத் தெரியும்" என்று சேக் மைதீன் தனியாகவே கிளம்பிப் போனார்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது ஜீனத் வாசற்கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் திக்கென்றது. பேய் அறைந்தவர்போல் விழித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் ஆகலையா?" என்றாள் தனக்குத்தானே. கண் நிறைந்துவிட்டது. "போனாப் போவுது, வாங்க. எனக்கு உங்க காதா வேணும்? நீங்க இருந்தாப் போதும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு காதைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டினார். "மருந்தை இன்னும் விடச் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மருந்தும் மடியும் தொடர்ந்தன; ஆடு, ஊறுகாய் ஜாடி, பச்சை சட்டை எல்லாம் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. அதற்கப்புறம்தான் வீட்டில் அதிசயங்கள் நடக்க ஆரம்பித்தன.

மடியில் அவர் தலை இருக்கையில், முருங்கைக்காய் தின்று மாசக்கணக்காச்சு என்று ஜீனத் சும்மா சொன்னாள். மறுநாள் காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அம்மிக்குழவி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது என்றாள். மறுநாளே அம்மி கொத்துகிறவன் வாசலில் வந்து நின்றான். மகளைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்றாள். "புள்ளையை நோம்புக்கு முன்னால கூட்டியாரலாம்னு இருக்கேன்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, தானாகவே தோன்றியதுபோல்.

ஜீனத்துக்கு உடம்பு புல்லரித்தது. ஷரீபாவைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னாள்: "என் வாய்க்கு என்னமோ பரக்கத்து வந்திருக்குடி. சொன்னா நடக்குது."

ஷரீபா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். "அக்கா, அப்படியே என் தம்பிக்குப் பொன்மலை ஒர்க்ஷாப்புல ஒரு வேலைன்னும் சொல்லிடுங்கக்கா."

ஜீனத் அதையும் அன்று சாயங்காலம் அவர் தலையை மடியில் வைத்துச் சொன்னாள். அது மட்டும் நடக்கவில்லை. ஒர்க்ஷாப்பு வெள்ளைக்காரனுடையது, அங்கே தன் பரக்கத்து எட்டாது போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள்.

மருந்து தீர்ந்தது. இன்னும் ஒரு சீசா வாங்கி வரலாம் என்று ஷரீபாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, சேக் மைதீன் கடையில் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீசாவை நீட்டியதும் கம்பவுண்டர் தைரியராஜ் புருவத்தைச் சுருக்கினார்.

"யாருக்கும்மா இது?"

"முன்னே வந்தோமே, இரும்புக் கடை. கழுவியும் காது தெறக்கலீங்களே."

அடுத்த அறையிலிருந்து வியாகுலம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரு, விசிறி பாயா? தெறக்கலையா? நல்லாச் சொன்னீங்க போங்க! கழுவின தண்ணியோட கருங்கல்லாட்டம் வந்து விழுந்துச்சே. டாக்டரு கடியாரத்தை எடுத்துத் தலைக்குப் பின்னால, இந்தா, இவ்வளவு தூரத்துல வச்சாரு. 'டிக் டிக்குங்குது'ன்னு சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சாரு. வெளியில போயி ஜட்காக் குதிரை கனைச்சதுக்குத் துள்ளிக் குதிச்சாரு. அதோட விட்டாரா? முந்தாநாள் திரும்ப வந்து, மருந்தை இன்னும் விட்டுக்கிட்டே இருந்தாக் கெடுதல் உண்டான்னு டாக்டரைக் கேட்டுட்டுப் போறாரு. கெடுதல் இல்லை பாய், ஆனா எதுக்குன்னாரு டாக்டரு. 'இருக்கட்டும்'ன்னாரு."

ஷரீபா திறந்த வாயை மூடவில்லை. ஜீனத்துக்குக் காதுமடல் வரை சூடேறியது. பச்சை சட்டை ஞாபகம் வந்தது. ஆடு ஞாபகம் வந்தது. அவர் அக்காவின் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் சொன்ன, இங்கே சொல்ல முடியாத இரண்டு மூன்றும் ஞாபகம் வந்தன. ஜட்காவில் ஏறிய பிறகு தெப்பக்குளம் வரைக்கும் கோபமாக இருந்தாள். தெப்பக்குளம் தாண்டியதும், ஷரீபாவுக்கே தெரியாமல் துப்பட்டிக்குள் சிரிக்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் சீசாவில் வெறும் தேங்காயெண்ணெய்தான் இருந்தது. சேக் மைதீன் வழக்கம்போல வந்து தலையைச் சாய்த்தார். அவள் எண்ணெயை விட்டாள். வழக்கம்போல மெதுவாகப் பேசினாள்.

"எங்க அம்மா வெள்ளிக்கிழமை வராங்க. இனிமே நம்மகூடத்தான் இருப்பாங்களாம். உங்க சாய்வு நாற்காலியை அவங்களுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

மூடிய இமை லேசாகத் துடித்தது. கால் பெருவிரல் ஒருதரம் மடங்கி நிமிர்ந்தது. மற்றபடி கட்டை மாதிரிக் கிடந்தார்.

"அம்மாவுக்கும் பாட்டுன்னா உசிரு. ரெண்டு பேரும் சேந்து பாடலாம்."

கட்டை அசையவில்லை. மனுசன் சாதாரணப்பட்டவரில்லை என்று ஜீனத் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். பிறகு, குரலை ஓர் இழைகூட உயர்த்தாமல், "அட, கட்டெறும்பு. காதுக்குள்ளல்ல போவுது" என்றாள்.

"எந்தக் காதுல?" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார் சேக் மைதீன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் கழுத்து வழியே வழிந்தது. முதலில் சிரித்தது யார் என்பதில் அவர்களுக்குள் பிற்பாடும் வழக்கு உண்டு.

சிரிப்பு அடங்கியதும் ஜீனத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்படியா ஏமாத்துவீங்க? நான் எதையெதையெல்லாமோ பேசியிருக்கேன்."

"நானா ஏமாத்தலை. வாசல்ல வந்து நின்னேன். கேக்குது ஜீனத்துன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். தெருச் சத்தமெல்லாம் ஒண்ணா உள்ள பூந்து தலையே சுத்திப் போயிருந்துச்சு. அதுக்குள்ள நீ, 'எனக்கு உங்க காதா வேணும்?'னு சொன்னே." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா நீ வாயசைக்கறதைப் பாக்கறப்பல்லாம் என்னைத் திட்டறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"திட்டினதும் உண்டு."

"தெரியும். ஆட்டைக் கேட்டேனே. ஆனா மத்ததையும் கேட்டுட்டேன் பாரு. கேக்குதுன்னு சொன்னா நீ நிறுத்திடுவே. அப்புறம் இந்த மடியும் கெடைக்காது."

இத்தனை நாள் தடையில்லாமல் வந்த பேச்சு, கேட்க ஆள் இருக்கிறது என்றதும் நின்றுவிட்டது. ஜீனத் எழுந்து போய்ச் சோறு போட்டாள். அவர் முருங்கைக்காயை ருசித்துச் சப்பிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்க அம்மா நிசமா வராங்களா?" என்று கேட்டார்.

"வந்தா என்னவாம்?"

"வரட்டும், வரட்டும்" என்றார் சேக் மைதீன் அவசரமாக. "எனக்கு வலது காது இன்னும் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு."

அகப்பையை ஓங்கிக்கொண்டு அவள் சிரித்தாள். அப்புறம் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, மகளுக்கு எந்தக் கிழமை ஆள் அனுப்பலாம் என்று தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள்.