அந்தத் தெரு வழியாகப் போகாதீங்க

...வடக்குத்து ஊர்ச் சேறு சாதாரணச் சேறு இல்லை, அதற்கு வாய் உண்டு, பல் உண்டு, நேற்று ஒரு டிராக்டரை விழுங்கி ஏப்பம் விட்டது என்று யாராவது சொன்னால் சைமன்ராஜ் மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பார், ஏனென்றால் ஒரு மிதி மிதித்தால் அது சைக்கிளை ஒன்றரை மிதி பின்னால் இழுக்கிறது, அறுபத்திரண்டு வயது முழங்காலுக்கு இதெல்லாம் தேவையா, தேவைதான், வேறு வழி... ஒன்பது நாள் மழை, நோவா பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார், இன்று காலைதான் விட்டு வெயில் அடிக்கிறது, சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் இருக்கும் தங்கை செசிலியா வீட்டுக்குப் போய், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அச்சுமுறுக்கு அச்சை வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் அது வேலை இல்லை, பரீட்சை. "நேராப் போங்க, நேரா வாங்க, அந்தத் தெரு வழியாப் போகாதீங்க" என்று வினோலியா வாசலில் நின்று சொன்னபோது குரலில் பாதி மனைவி, பாதி நர்ஸ். மகள் லிடியா சென்னையிலிருந்து போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள், அப்பா இன்னொரு தடவை பழைய குவார்ட்டர்ஸில் போய் நின்றால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், அவள் ஃபிளாட் பதினோராவது மாடி, ஜன்னலைத் திறந்தால் இன்னொருவன் ஜன்னல், அவன் பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டலாம்...

இரண்டு தடவை போய்விட்டாரே, என்ன செய்ய, அப்பா காலத்திலிருந்து இருந்த வீடு, முப்பது வருடம் ஷிஃப்ட் முடிந்து போன வழி, ரிட்டயர் ஆகிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தது தலைக்குத் தெரியும், காலுக்கு யார் ஆர்டர் அனுப்பினார்கள்? ஜூலையில் ஒருநாள் நேரே போய்ச் சைக்கிளை முருங்கை மரத்தடியில் சாய்த்து, பின்கதவால் நுழைந்து, அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, காபி என்றார். இப்போது அங்கே குடியிருக்கும் உமாராணி தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள், நல்ல பெண், கத்தவில்லை, காபியைக் கொடுத்துவிட்டுத்தான் வினோலியாவுக்குப் போன் செய்தாள். ஐப்பசியில் மறுபடியும். மறந்துட்டேன் என்றார் இரண்டு தடவையும். மறந்தாரா? கேட் வரைக்கும் கால்தான் கூட்டிப்போனது, சத்தியம், ஆனால் கேட்டைத் தொட்டதுமே தெளிந்துவிட்டது, இது நம் வீடு இல்லை என்று தெரிந்துதான் உள்ளே போனார், தெரிந்துதான் காபி கேட்டார். இதை வினோலியாவிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் கம்பெனிச் சுவரில் ஓர் ஆணி அடிக்கப் பயந்தவள், வடக்குத்தில் சொந்தச் சுவர் எழும்பியதும் முதல் நாளே பதினாறு ஆணி அடித்தாள், மாட்டப் படம் இருந்தது நான்குதான், மிச்சம் பன்னிரண்டும் சும்மா, ஆசைக்கு. அவளிடம் போய், உன் வீட்டில் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்றா சொல்வது? மறதி என்றால் யார் மனமும் நோகாது... அந்த மறதிதான் இப்போது பதினோராவது மாடிக்கு இழுக்கிறது.

ஸ்கூல் கிரவுண்ட் மூலையில் விழுந்தார். மெதுவாக, ஒரு கட்டடம் சாய்கிற மாதிரி, எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரம் கொடுத்து. அந்தச் சுவரில் முன்பு ஓர் ஓட்டை இருந்தது, அதன் வழியாகப் பக்கத்து ஊர்ப் பையன்கள் கில்லி விளையாட வருவார்கள், அப்படி வந்த சாமிக்கண்ணு இப்போது அதே சுவரோரம் கான்ட்ராக்ட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தான், கத்தியைப் போட்டுவிட்டு வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். "ஏம்பா சைமனு, இது பெர்மனென்ட்டா விழுந்ததா, கான்ட்ராக்ட்ல விழுந்ததா?" என்றான். "டெம்பரரிதான், தூக்கு." "தலைலருந்து கால் வரிக்கும் பூசிக்கினு நிக்கிற, இப்டியே தங்கச்சி வூட்டுக்குப் போனா உன்ன மாட்டுக் கொட்டாயில கட்டிடும், போயி வாய்க்கால்ல கழுவு." நல்ல யோசனை, சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர் ஓடும் வாய்க்கால், நேரே போய் இடது பக்கம், அங்கே கழுவிக்கொண்டு பாலம் தாண்டினால் செசிலியா வீடு, அந்தத் தெரு பக்கமே தலை வைக்க வேண்டாம்... முழங்கால் வலிக்கிறது, மிதி, மிதி... அந்தத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், மார்கழியில் கூட, பன்னிரண்டு வயதில் கழுத்துவரை இறங்கி விரல் நுனி சுருங்குகிறவரை கிடப்பார்கள், அப்பா இருதயசாமி முதல் ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ் சத்தம் கேட்டதும் ஓட்டம், ஈர டவுசரோடு, அம்மா பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கக் குழாயில் காலைக் கழுவிவிட வேண்டும், வலதில் திரும்பி, பூவரச மரம், மூன்றாவது கேட், மேலே கையை விட்டு உள்தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும்...

"அங்கிள்?"

உமாராணி. கையில் போன். அவர் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. முருங்கை மரம், பின்கதவு, எல்லாம் அதனதன் இடத்தில்.

"மறந்துட்டீங்களா அங்கிள்? ஆன்ட்டிக்குப் போன் போடட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள், குழந்தையிடம் கேட்பது போல.

"இல்லம்மா," என்றார் சைமன்ராஜ். "தெரிஞ்சுதான் வந்தேன். கீழ விழுந்துட்டேன், சேத்தைக் கழுவிட்டுப் போயிடலாம்னு."

அவள் முகம் லேசானது, போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அத மொதல்லயே சொல்லக் கூடாதாங்க, நான் பயந்துட்டேன். பின்னாடி கொழாய்ல தண்ணி வருது, வாங்க." அவர் நடந்தார். முன்பு இரண்டு தடவையும் தெரிந்தே வந்து மறந்துட்டேன் என்றவர், இன்று... வாய்க்கால் எங்கே போயிற்று, எந்த இடத்தில் வலதில் திரும்பினோம், சாமிக்கண்ணுவிடம் விடைபெற்றோமா? குழாயடியில் குனிந்து காலைப் பார்த்தார். சேறு பாளம் பாளமாகக் காய்ந்து வெடித்திருந்தது. இவ்வளவு சேறு இப்படிக் காய எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மணி நேரமா, இரண்டா... குழாயைத் திறக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றார்.