ஏழாம் கட்டிலுக்குப் போன இட்லி

கம்ப்யூட்டர் வந்தால் வேலை பாதியாகும் என்று சொன்ன மகராசன் யாரோ, அவன் ஒரு நாளாவது வார்டு டூட்டி பார்த்திருக்க மாட்டான். பெங்களூர் பிரேசர் டவுனில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்கு 2002-இல் அது வந்து இறங்கியபோது, இன்-சார்ஜ் சிஸ்டர் செண்பகத்துக்கு வேலை இரண்டு மடங்குதான் ஆனது. நோயாளிகளையும் பார்க்க வேண்டும், நர்சுகளுக்கும் ஆயாக்களுக்கும் அந்தப் பெட்டியைப் பழக்கவும் வேண்டும்.

நர்சுகள் பிடித்துக்கொண்டார்கள். ஆயாக்கள்தான் கஷ்டம். ஐந்து பேரும் பக்கத்து ஜீவனஹள்ளிக்காரர்கள். எண் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அதுவரை செண்பகம் அவர்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடக்க வேண்டியவரின் கட்டில் கம்பியில் சிவப்புத் துணி, சர்க்கரைக்காரருக்குப் பச்சைத் துணி. பதினெட்டு வருஷத்தில் சாப்பாடு ஒரு தடவைகூட மாறியதில்லை. புதிதாக வந்த அட்மினிஸ்ட்ரேட்டர் ஞானசேகரன் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இது ஆஸ்பத்திரியா, மாரியம்மன் கோயில் வேப்பமரமா? எல்லாத்தையும் அவுத்துப் போடுங்க. இனிமே கம்ப்யூட்டர்ல பார்த்துத்தான் சாப்பாடு."

அவிழ்த்தார்கள். கம்ப்யூட்டரில் கட்டிலுக்கு ஒரு வரி. முதலில் கட்டில் எண், அப்புறம் எல்லாம் இங்கிலீஷ். ஆயாக்களில் மூத்தவளான உஷா இரண்டு நாள் அதை முறைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், ஏழாம் நம்பருக்கு மறுநாள் ஹெர்னியா ஆபரேஷன், வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று செண்பகம் சொன்னாள். உஷா என்ன செய்தாள் தெரியுமா? சிவப்புத் துணியில் ஒரு துண்டு கிழித்து, ஏழு என்ற எண்ணுக்கு நேராகக் கம்ப்யூட்டர் கண்ணாடியிலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், எப்டி நம்ம ஐடியா?"

செண்பகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பலே ஆளுடி நீ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் விடிவதற்குள் மூன்றாம் கட்டில்காரரை ஐசியுவுக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய வரி மறைந்தது. கீழேயிருந்த வரிகளெல்லாம் ஒரு படி மேலே ஏறின. துணி ஏறுமா? ஒட்டிய இடத்திலேயே, இப்போது எட்டுக்கு நேராக நின்றது. காலை டூட்டி ஆயா அதைப் பார்த்து எட்டாம் கட்டிலைப் பட்டினி போட்டாள். ஏழாம் கட்டிலுக்கு நாலு இட்லி, சட்னி, காபி. அந்த மனுஷரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் விசாரித்ததால்தான் உயிர் தப்பினார்.

விஷயம் தெரிந்ததும் செண்பகம் ஓடிப்போய்க் கண்ணாடியில் இருந்த துணியைப் பிய்த்தாள். பதினோரு மணிக்கு ஞானசேகரன் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் உஷாவை வேலையைவிட்டு நிறுத்தும் மெமோ டைப் செய்து தயாராக இருந்தது. பக்கத்தில், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஹரிஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்துப் போடுங்க சிஸ்டர். இன்னிக்கு இவங்க. மத்த நாலு ஆயாவையும் மாசக் கடைசில கான்ட்ராக்டுக்கு மாத்திரலாம்."

உஷா புருஷனை இழந்தவள், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். நாற்பது வயதில் இந்த வேலை போனால் அவளை எவன் சேர்த்துக்கொள்வான்?

"போட மாட்டேன் சார்."

"தப்பு நடந்துச்சா, இல்லியா?"

"நடந்துச்சு. ஆளே போயிருப்பாரு. ஆனா யாரு தப்பு? கட்டில்ல இருந்த துணிய அவுக்கச் சொன்னது நீங்க. கண்ணாடில ஒட்டுனத பாத்துட்டு இளிச்சிட்டுப் போனது நானு. வரி நவுருமேன்னு கத்துக் குடுக்க வேண்டியவ நான்தானே?"

சொன்னதோடு நிற்கவில்லை. பேனாவை எடுத்து உஷாவின் பெயரை அடித்தாள், மேலே தன் பெயரை எழுதினாள்.

"இப்ப எத்தன கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

ஞானசேகரன் மெமோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விளையாடறீங்களா? இன்-சார்ஜ் போஸ்ட் போயிடும்."

"போவட்டும் சார். நான் கோலார் தங்கவயல்காரி, ஸ்டிரைக்கப் பாத்து வளந்தவ. இந்த மெரட்டலுக்கெல்லாம் வேற ஆளப் பாருங்க." அப்படியே ஹரிஷ்குமார் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, உங்க பொட்டில கலர் வராதா?"

"வரும் சிஸ்டர். யாருமே கேக்கலையே."

"நான் கேக்கறேன். பட்டினின்னா அந்த வரியே செவப்பாவணும். வரி எங்க போனாலும் கலரும் கூடவே போவணும். முடியுமா, முடியாதா?"

"ரெண்டு வாரம் குடுங்க."

ஞானசேகரன் சொன்னதைச் செய்தார். திங்கட்கிழமை இன்-சார்ஜ் நாற்காலியில் கிருத்திகா உட்கார்ந்தாள், செண்பகத்துக்குக் கீழே வேலை பழகிய பெண். செண்பகம் அழவில்லை என்று சொன்னால் பொய். டிரெஸ்ஸிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு ஊசி போட வந்துவிட்டாள். தப்பு இன்-சார்ஜுடையது என்று அவள் பெயரில் மெமோ போனபிறகு ஆயாக்கள்மேல் கைவைக்க வழியில்லாமல் போயிற்று.

ஹரிஷ்குமாரும் சொன்னதைச் செய்தான். வரிகள் சிவப்பும் பச்சையுமாக வந்தன. உஷா மவுஸைப் பிடித்து அடுத்த ஷிப்டுக்குத் தானே காட்டிக்கொடுத்தாள். ஒரு மாதம் போனது, ஒரு சாப்பாடுகூட மாறவில்லை.

அப்புறம் ஒருநாள் ஞானசேகரன் வார்டுக்கே வந்தார். பெண்கள் வார்டில் கம்ப்யூட்டர் வைத்து ஒரு வாரமாம், ஒரே குழப்பமாம்.

"நீங்க போய்க் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சிஸ்டர்."

"நான் இப்ப இன்-சார்ஜ் இல்லியே சார். ஆயாங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா, அதோ."

உஷா ஒன்பதாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆயாவா?"

"அவதான். எங்க சறுக்கும்னு பட்டுத் தெரிஞ்சிக்கினவ. எனக்கே அவ்ளோ தெரியாது."

ஞானசேகரன் ஒன்பதாம் கட்டில்வரை நடந்து போய்க் கேட்டார். உஷா விரிப்பின் முனையை நிதானமாகச் செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"வரேன் சார். அந்த வார்டு ஆயாங்க ஒருத்தரையும் கான்ட்ராக்டுக்குத் தள்ள மாட்டேன்னு எழுதிக் குடுங்க. அப்பால வரேன்."