இலஞ்சி முருகனுக்கு யோனாஸின் முடி

அக்காவின் கணவர் யோனாஸ் ஸ்வீடன்காரர். ஸ்பீட்வே பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அவர் தொழில். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர்தான். மண் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். பதினைந்து வயதில் தொடங்கி தேசிய அணி வரை போனவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வளைவில் தூக்கி வீசப்பட்டு வேலியில் மோதினார். தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு ஓட்டவில்லை.

அப்போது இங்கே தென்காசியில் எங்கள் அம்மா, மாப்பிள்ளை பிழைத்தால் அவருடைய முடியைப் பக்கத்திலுள்ள இலஞ்சி முருகனுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டாள். அவரிடம் கேட்கவில்லை.

இந்த ஜூலையில்தான் அக்காவும் அவரும் முதல்முறையாக வீட்டுக்கு வந்தார்கள். யோனாஸின் முடி தோள்வரை இருந்தது. அவருடைய பந்தய கிளப் ஒப்பந்தம் அனுப்பிவிட்டது, ஊருக்குத் திரும்பியதும் மறுபடி ஓட்டப் போகிறார் என்றாள் அக்கா. அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சாமி கடனை வச்சுக்கிட்டு வண்டியில ஏறலாமா? ஏட்டி அனுசியா, உன் மாப்பிள்ளைட்ட நீயே சொல்லு" என்றாள் அக்காவிடம்.

"என்னால முடியாதும்மா. தழும்பை மறைக்கத்தான் அவரு முடி வளக்காரு. எங்கிட்டகூட காட்டுததில்ல."

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். "நேந்தா உன் தலைய நேரணும். ஊரான் தலைய எப்படிட்டி நேந்த?"

"என் நரைச்ச முடிய வாங்கி முருகன் என்ன செய்வாரு?"

கடைசியில் அந்த வேலை என்னிடம் வந்தது. "ஏட்டி சுப்பு, நீ பிஸிக்ஸ் படிச்சவல்லா. இங்கிலீஷ்ல பக்குவமா சொல்லு."

கல்லூரியில் படித்த காலம் முழுக்க நான் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அது அம்மாவுக்குத் தெரியாது.

மறுநாள் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். எல்லோரும் குளிக்கப் போக, யோனாஸ் மட்டும் தொப்பியைக் கழற்றாமல் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இடப்பக்கம் திரும்பும்போது ஏன் ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புகிறீர்கள் என்று கேட்டேன். வீடியோவில் பார்த்ததிலிருந்து இருந்த சந்தேகம்தான்.

அவர் ஒரு வாழைக்காய் பஜ்ஜியைத் தட்டில் சுற்றவிட்டுக் காட்டினார். பின்சக்கரம் வெளியே வழுக்கும், முன்சக்கரம் அதைச் சமாளிக்கும். "மண்ணில் உராய்வு குறைவு, அதனால்தானே?" என்றேன். ஆமாம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் அம்மாவின் வேண்டுதலை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கை தொப்பிக்குப் போனது. பிறகு கேட்டார்: "அம்மா வேண்டியது நான் பிழைக்கவா, திரும்ப ஓட்டவா?"

எல்லோரும் திரும்பி வந்ததும், ஈரத் தலையோடு நின்ற அம்மாவிடம் கேட்டேன்.

"உசுருக்குத்தான். வண்டிக்கு நான் ஒண்ணும் வேண்டலையே!" அம்மா பதறினாள். "அதுக்கும் வேண்டிக்கிடலாம். ஆனா இந்த முடிய இறக்குன பொறவு தலையில என்ன இருக்கும்? மொட்டைத் தலைய வச்சுக்கிட்டு முடி தாரேன்னா சாமி சிரிக்காதா? அது வளரணும். வளந்த பொறவு நேரணும். அதுக்குப் பொறவுதான் வண்டி."

"ஆக, மாப்பிள்ளை லைசென்ஸ் சஸ்பெண்ட்" என்றார் அப்பா.

அதையும் மொழிபெயர்த்தேன். யோனாஸ் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது கன்னத்தில் இருந்தது சாரலா கண்ணீரா என்று தெரியவில்லை.

"மறுபடி ஓட்ட எனக்குப் பயமாக இருந்தது. எப்போது ஓட்டுவாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொன்னா உங்க தொழிலைக் கெடுத்ததா ஆயிருமோன்னு பயந்தேன்" என்று தமிழில் சொன்னாள். அவருக்கு அது எப்படியோ புரிந்தது.

வெள்ளிக்கிழமை இலஞ்சியில் முடி இறக்கினார்கள். காதின் மேலிருந்து உச்சிவரை தழும்பு ஓடியது. அம்மா பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அதுவரை மாப்பிள்ளையோடு ஒட்டாமல் இருந்த அப்பா, சந்தனத்தை வாங்கி, தழும்பு வலிக்குமோ என்பதுபோல மெதுவாகத் தானே பூசிவிட்டார். யோனாஸ் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றார்.

கோயில் வாசலிலிருந்தே கிளப் மேனேஜருக்குப் போன் செய்தார். அவர்கள் மொழி எங்களுக்குப் புரியவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமியார் விடமாட்டேங்காங்கன்னு சொல்லுதாரு."

"அதுக்கு அந்த ஆளு என்ன சொல்லுதாரு?" என்றார் அப்பா.

"முடி வளர எவ்வளவு நாளாகும்னு கேக்காரு."

அம்மா திருநீற்றை மடித்து இடுப்பில் செருகினாள்.

"எங்க ஊருத் தண்ணிக்கு மெதுவாத்தான் வளரும்னு சொல்லச் சொல்லு."