வலது பக்க முக்காலி

என் கணவர் அழகப்பன் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையலறையில் அவர் போட்ட இரண்டு முக்காலிகளை நான் இன்னும் நகர்த்தவில்லை. இடது பக்கம் கேப்டனுக்கு, வலது பக்கம் துணை விமானிக்கு.

1962இல் அவரும் ரவூப்பும் டகோட்டா விமானத்தில் துணை விமானிகளாக இருந்தார்கள். ரவூப் இவரைவிட நான்கு வயது இளையவன். கல்யாணம் ஆகாதவன், சிராங்கூன் ரோட்டில் மாமாவின் துணிக்கடை மாடியில் இருந்தான். கம்பெனி டர்போபிராப் விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. ஜெட் இன்ஜினைக் கொண்டு புரோப்பெல்லரைச் சுழற்றும் புது ரகம். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வருடம் கேப்டன் இடம் ஒன்றே ஒன்று. அது தங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

முதலில், தரையிலேயே உட்கார்ந்து விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பயிற்சி. பள்ளியை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இங்கிலாந்துப் பள்ளியில் வாங்கப்போகும் விமானத்தின் விமானி அறையையே செய்து வைத்திருந்தார்கள்; இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழகவேண்டும். ஆஸ்திரேலியாவில் இன்னொரு பள்ளி. அங்கே ஒற்றை ஆள் உட்காரும் பெட்டி. அது நான்கு இன்ஜின் உள்ள வேறொரு பெரிய விமானத்துக்கானது, ஆனால் பேர் போன பள்ளி.

இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் ஒத்திகை பார்த்தார்கள். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் மீட்டர்களை வரைந்து அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டினார்கள். இரண்டு தோசைக் கரண்டிகள் இரண்டு இன்ஜின்களின் லீவர்கள். நான் செக் லிஸ்ட்டைச் சத்தமாக வாசிப்பேன். இடையில் திடீரென்று குண்டான் மூடியைத் தட்டி, எந்த இன்ஜின் நின்றது என்று சொல்வேன்; அதன் கரண்டியை இழுத்து அணைக்கவேண்டும்.

“லெஃப்ட் இன்ஜின்!”

இவர் கை பாய்ந்து கரண்டியை இழுத்துவிடும். ரவூப் அப்படியில்லை. கரண்டியின் மேல் கையை வைப்பான், “லெஃப்ட்தானே அண்ணே?” என்று கேட்பான், இவர் “ஆமா” என்ற பிறகுதான் இழுப்பான். தவறிப்போய் ஓடுகிற இன்ஜினை நிறுத்திவிட்டால் விமானம் கீழேதான் போகும்.

“என்னடா, கரண்டிக்குப் பொண்ணு பாக்கிறியா? இழுடா.”

“பொண்ணுன்னா ரெண்டு பேர் பார்க்கணும்லா அண்ணே. ஒத்த ஆளு பார்த்தா ஏமாந்துடுவான். கேளுங்க அண்ணி, நம்ம அண்ணன் தனியாத்தான் வந்து பார்த்தாரா?”

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

ரவூப் போன பிறகு காலண்டர் தாளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“அவன் வந்தா மட்டும் உனக்கு எங்கிருந்து அவ்வளவு சிரிப்பு வருது?”

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதை விடுங்க. ரவூப் மாதிரி கைய வச்சுட்டு, கேட்டுட்டு இழுங்க. நல்லாத்தானே இருக்கு.”

சாப்பிடாமல் படுத்தார்.

வெள்ளிக்கிழமை தலைமை விமானியிடம் முடிவைச் சொல்லவேண்டும். ரவூப் முந்திய நாளே கறி பஃப் பொட்டலத்தோடு வந்தான்.

“இங்கிலாந்து போவோம் அண்ணே. அதேதான் நம்ம பிளேன். ஒரே ரூம்ல நீங்களும் நானும்.”

“நான் ஆஸ்திரேலியா போறேன். நாலு இன்ஜின் பழகினவனுக்கு ரெண்டு இன்ஜின் பெரிய விஷயமா?”

“அங்க தனியால்ல உக்காரணும்?”

“தனியா ஓட்டத் தெரியாதவன் பக்கத்துல ஆள் தேடட்டும்.”

ரவூப் என்னைப் பார்த்தான். அதை இவர் கவனிப்பது தெரிந்ததும் பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். அந்தக் கறி பஃப்பை இவர் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து முதல் வகுப்புச் சான்றிதழோடு திரும்பினார். “அங்க வந்தவங்கள்ல நான்தான் ஃபர்ஸ்ட்” என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னார். ரவூப்பும் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டதும், “அவனுக்கு எத்தனை மார்க்காம்?” என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

பாய லேபார் விமான நிலையத்தில் புது விமானத்தில் தேர்வு நடந்தது. மேலே ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் ஒரு இன்ஜினின் வேகத்தைக் குறைத்து, அது நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னாராம். இவர் கை பாய்ந்தது. இழுத்தது சரியான லீவரைத்தான்.

“சரியாத்தான் இழுத்தீங்க” என்றாராம் தேர்வாளர் இறங்கியதும். “ஆனா பக்கத்துல நான் ஒருத்தன் இருக்கிறதே உங்களுக்குத் தெரியலை.”

கேப்டன் இடம் ரவூப்புக்குப் போனது. இவர் அவனுக்கு வலது பக்கம் உட்காரவேண்டும்.

அன்று மாலை தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தார்.

“நீயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. கேட்டுட்டு இழுங்கன்னு சொன்னேன்.”

“சொன்னே” என்றார். “அவன் பேரைச் சொல்லாம சொல்லியிருக்கலாம்.”

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வலது பக்க முக்காலியில் உட்கார்ந்து, இடது பக்கத்து முக்காலியை எனக்காகத் தள்ளி வைத்திருந்தார்.

“உக்காரு. மூடியைத் தட்டு.”

உட்கார்ந்து தட்டினேன். “ரைட் இன்ஜின்.”

கை பாய்ந்தது. கரண்டியைத் தொட்டதும் நின்றது. சுவரைப் பார்த்தபடி, “ரைட்தானே?” என்றார்.

“ஆமா” என்றேன்.

இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “அவன் கேட்டப்ப இதைவிட நல்லாக் கேட்டானா?”