தண்ணீர் ஊற்றித்தான் சோதிப்பேன்

குப்புசாமியின் காற்று டேங்கை ஏஞ்சல் பற்றவைத்து முடித்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. தாமல் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் குப்புசாமி. லாரி டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரின் இருநூறு லிட்டர் டேங்க், மேலே விரிசல் விட்டுச் சீறுகிறதென்று குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு ஏனாத்தூர் சாலைப் பட்டறைக்கு வந்திருந்தார். பட்டறை ஜெயக்குமாருடையது. நெசவுக் குடும்பத்துக்காரர், தறிக்கு இரும்புச் சாமான் செய்யப்போய் அதிலேயே நிலைத்துவிட்டவர். ஏஞ்சல் அவரிடம் நாலு வருடமாக வெல்டர். கூரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறாள்.

"தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணணும்ணா," என்றாள், முகக்கவசத்தைக் கழற்றியபடி.

ஜெயக்குமார் முகம் சுளித்தார். போர் மோட்டார் எரிந்து இரண்டு நாளாகிறது. குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"நம்ம கம்ப்ரசர்ல இருந்து பத்து கிலோ அழுத்தத்துக்குக் காத்து ஏத்துமா. சோப்பு நுரை தடவு. முட்டை வரலேன்னா அனுப்பிடு. அஞ்சு நிமிஷ வேலை."

"காத்துல பண்ண மாட்டேன்."

"இன்னா, பண்ண மாட்டியா?"

"கடையில ரெண்டு லாரி நின்னுக்கினு இருக்குதும்மா," என்று குப்புசாமியும் சேர்ந்துகொண்டார்.

ஜெயக்குமார் தானே எழுந்து ஹோஸை இழுத்துவந்தார். அவர் மாட்டுவதற்குள் ஏஞ்சல் டேங்கில் ஹோஸ் மாட்டும் பித்தளை முனையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏஞ்சல்! உன் வெல்டிங் மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

"என் வெல்டிங் மேல இருக்குது. மத்த தகடு மேல இல்ல." பையைக் கையால் பொத்திக்கொண்டாள். "முன்ன வேலை செஞ்ச கம்பெனில இப்படித்தான் காத்துல டெஸ்ட் பண்ணாங்க. டேங்கோட மூடி பிச்சுக்கினு கூரையைத் தாண்டிப் போச்சு. நுரை தடவிக்கினு இருந்தவரு இன்னும் எழுந்து நடக்கல. காத்து அமுங்கும்ணா. பத்துப் பதினோரு டேங்க் காத்தை ஒரே டேங்க்ல திணிக்கிறோம். ஒரு சந்து கெடச்சா அவ்ளோவும் ஒரே நேரத்துல விரியும். தண்ணி அமுங்காது. தகடு கிழிஞ்சாலும் ஒழுகிட்டு நின்னுடும்."

"தண்ணிக்கு எங்க போவே?"

"தெருக்கோடில பஞ்சாயத்துக் குழாய் இருக்குது."

"அப்ப நீயே தூக்கு," என்று அவர் திரும்பி உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவளே தூக்கினாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். மே மாத வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மூன்றாவது நடையில் தோள் கடுத்தது. நாலாவது நடைக்குக் கிளம்பியபோது குப்புசாமி எழுந்து அவள் கையிலிருந்து ஒரு குடத்தை வாங்கிக்கொண்டார்.

டேங்க் நிரம்பித் ததும்பியது. மற்ற திறப்புகளை அடைத்து, தண்ணீரை அழுத்தி ஏற்றும் கைப்பம்பை மாட்டி அடித்தாள். பத்து அடி, இருபது அடி. மீட்டரில் முள் ஒன்றைத் தாண்டவில்லை.

"ஓட்டைதான். அவ்ளோ கஷ்டப்பட்டியே," என்றார் ஜெயக்குமார்.

ஏஞ்சல் டேங்கைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தாள். எங்கும் ஈரமில்லை. "ஓட்டை இல்லண்ணா. அந்தக் கோடில காத்து மாட்டிக்கினு இருக்குது. நான் அடிக்க அடிக்க அது சுருங்கி இடம் குடுக்குது."

பம்பைக் கழற்றிவிட்டு, ஊற்றும் வாய் இருந்த பக்கத்தை நெம்பித் தூக்கி அடியில் செங்கல் வைத்தாள். குபுகுபுவென்று குமிழி வந்தது. அடங்கியதும் இன்னும் அரைக் குடம் பிடித்தது. மறுபடி மாட்டி அடித்தபோது ஒவ்வொரு அடிக்கும் முள் துள்ளியது. நாலு. ஏழு. பத்து. ஜெயக்குமார் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"பத்து போதுமில்ல?"

"பதினஞ்சு வரைக்கும் போகணும். ஒன்றரை மடங்கு தாங்கினாத்தான் நம்பலாம்."

பதிமூன்றில் 'டப்' என்று ஒரு சத்தம். டேங்கின் அடிவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தகடு கிழிந்து, தண்ணீர் பீய்ச்சி ஜெயக்குமாரின் பேண்டை நனைத்தது. மறுகணம் முள் சைபரில் விழுந்தது. மிச்சத் தண்ணீர் சாதுவாகத் தரையில் வடிந்தது. அவ்வளவுதான்.

குப்புசாமி குனிந்து கிழிசலைத் தடவினார். உள்பக்கத் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. மேலே ஏஞ்சல் போட்ட வெல்டிங் அப்படியே இருந்தது.

"இதும் பக்கத்துலதான் எங்க வீட்டுக்காரி கலாவதி டீ போடுது," என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயக்குமார் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "பத்துல தாங்குச்சே," என்றார் தனக்குள் பேசுவதுபோல.

"தாங்குச்சுண்ணா. நல்லா இருக்குதுன்னு அனுப்பியிருப்போம். அடுத்த மாசம் இவரு கடையில கிழிஞ்சிருக்கும்."

"அடியில ஒரு தகடு வெச்சுப் பத்தவெச்சா?"

"முடியாதுண்ணா. சுத்தி எல்லா இடமும் இப்படித்தான் இருக்கும். யாரு கேட்டாலும் இதுல நான் பத்தவைக்க மாட்டேன்."

ஜெயக்குமார் பட்டறைக் கம்ப்ரசரையே குட்டியானையில் ஏற்றச் சொன்னார். "புது டேங்க் வர வரைக்கும் இதை ஓட்டுங்க குப்புசாமி. லாரிக்காரங்களை அனுப்புங்க."

வண்டி போனபிறகு ஏஞ்சல் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். பிறகு கேஸ் கட்டரைப் பற்றவைத்து, இனி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி அந்த டேங்கை நடுவில் இரண்டாக வெட்டத் தொடங்கினாள். ஜெயக்குமார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.