பக்கத்துக் குளத்தைவிட ஒரு அடி

துளசிராமுக்குக் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் இரண்டு வேலைகள் உண்டு. முதலில் தோட்டத்து நீச்சல் குளத்துக்குப் போய், முந்தின நாள் சாயங்காலம் சுவரில் கரியால் போட்டு வைத்த கோட்டைப் பார்ப்பார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அங்கிருந்து நேரே கிழக்கு மதிலுக்கு நடப்பார். மதிலடியில் ஒரு கருங்கல்லைப் புரட்டிப் போட்டிருந்தார். அதன்மேல் ஏறி நின்றால் பக்கத்துத் தோட்டம் முழுவதும் தெரியும்.

அந்த ஆடி மாதத்து வியாழக்கிழமையும் ஏறி நின்றார். 1936-ஆம் வருஷம் அது. கோடை மழை ஏமாற்றிவிட்டதால் பசுமலைப் பக்கம் அத்தனை தோட்டமும் சருகாகிக் கிடந்தது, பத்ரிநாத் தோட்டம் ஒன்றைத் தவிர. அங்கே ஒவ்வொரு வாழையும் தார் தள்ளி, பாரம் தாங்காமல் முட்டுக்கம்பில் சாய்ந்து நின்றது. துளசிராமுக்கு வயிறு பற்றி எரிந்தது. கடவுளுக்குக் கூட ஆள் பார்த்துத்தான் கண் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பத்ரிநாத் அந்நியன் இல்லை, துளசிராமின் தங்கை ரங்கநாயகியின் புருஷன். சின்ன வயதில் இருவரும் ஒன்றாக வைகையில் குதித்து நீந்தியவர்கள். துளசிராமுக்குச் சிம்மக்கல் ஆற்றோரம் சாயப்பட்டறை இருந்தது. அவர் பட்டறைச் சிவப்பு, சேலை கிழிந்தாலும் வெளுக்காது என்று பெயர் வாங்கியது. பத்ரிநாத்துக்கு நூல் வியாபாரம். இரண்டு பேருக்கும் குறை ஒன்றுமில்லை. போன வருஷம் பத்ரிநாத் பம்பாய்க்குப் போய்விட்டு வந்ததில்தான் வினை பிறந்தது. அங்கே யாரோ ஒரு மில் முதலாளி பங்களாவில் நீச்சல் குளம் பார்த்தாராம். வந்ததும் வராததுமாகத் தோட்டத்தில் முப்பத்தைந்து அடி நீளத்துக்கு ஒன்று கட்டிவிட்டார். மதுரையில் பாதிப் பேர் வண்டி கட்டிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

துளசிராம் தோட்டத்திலும் அப்பா காலத்துக் குளிக்கிற குளம் ஒன்று இருந்தது. கல்கட்டு, நீளம் இருபத்தொன்பது அடி, சொட்டுத் தண்ணீர் கசியாது. அதுவரை அது போதுமானதாகத்தான் இருந்தது. பத்ரிநாத்தின் குளத்தைப் பார்த்த அன்றைக்குத் தன் குளம் சாக்கடை மாதிரி தெரிந்தது. பத்ரிநாத்தின் குளத்தைக் கட்டிய மலையாண்டி மேஸ்திரியையே கூப்பிட்டு அனுப்பினார்.

மலையாண்டி வந்தார். குளத்தைச் சுற்றி வந்தார், கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார்.

"மொதலாளி, பழசுக்குப் புதுசாக் காரை பூசுனாப் போதும். நூறு வருசத்துக்கு நிக்கும்."

"நீளத்தைக் கூட்டணும்."

"எம்புட்டு?"

"ஏழடி."

மலையாண்டி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். முப்பத்தாறு. பக்கத்துக் குளத்தைவிடச் சரியாக ஒரு அடி அதிகம். விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"கூட்டிரலாம். ஆனா கெழக்க மதில் ஓரம் கொட்டி நெரப்புன மண்ணு. கட்டுனதும் தண்ணி விடக்கூடாது. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைச்ச காரை இது. பூசி, ஈரச்சாக்கு போத்தி, நாப்பது நாள் இறுகவிடணும். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நெரப்பணும். அவசரப்பட்டா, பழசும் புதுசும் சேருற எடத்துல வாய் பொளந்துக்கிரும்."

துளசிராம் தலையை ஆட்டினார். பங்குனியில் பூச்சு முடிந்தது. மலையாண்டி தன் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும், பத்ரிநாத் வீட்டுக் குளத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகள் எல்லாம் குளிக்கப் போகிறார்கள் என்ற செய்தி இந்தப் பக்கம் வந்தது. துளசிராமுக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. ஒன்பதாம் நாள் காலையில் ஈரச்சாக்கையெல்லாம் உரித்துப் போட்டு, கிணற்றுக் கமலையில் மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைக்கச் சொன்னார். மூன்று நாள் இறைத்துக் குளத்தை விளிம்பு வரை நிரப்பினார்.

இதே துளசிராம் பட்டறையில் சாயம் பிடிப்பதற்காகக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கியெடுத்த நூல் நன்றாகக் காய்வதற்குள் எவனாவது சாயத்தில் போட்டால், அன்றைக்கே கணக்கை முடித்து வெளியே அனுப்பிவிடுவார். கடுக்காய்க்குக் கொடுக்க வேண்டிய பொறுமையை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் செய்தார்.

சித்திரைத் திருவிழா முடிவதற்குள் குளம் ஒழுகத் தொடங்கிவிட்டது. தினம் ஒரு சாண். காலையிலிருந்து பொழுது சாயும் வரை கமலையில் இறைத்து, மாடுகளுக்கு எலும்பு தெரிந்தது. துளசிராம் தன் அவசரத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது நாளும் விட்டுத்தான் நிரப்பினேன் என்று சாதித்தார். மலையாண்டி வந்து, தோட்டக்காரனிடம் விசாரித்துவிட்டு, "ஒம்பதாம் நாளே நெரப்பிட்டீகளே மொதலாளி" என்று தலையில் கை வைத்தபோது, "பொய் சொல்றியா?" என்று தோட்டக்காரன் எதிரிலேயே கத்தினார். அவருக்குள் வேறு ஒரு கணக்கு ஓடியது. இரண்டு குளத்தையும் கட்டியது ஒரே கை. அது ஒழுகவில்லை, இது ஒழுகுகிறது. மலையாண்டி பத்ரிநாத் வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் குடித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். சந்தேகத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்!

"எம் மாப்பிள்ளை கையில எதையோ வாங்கிக்கிட்டு, என் காரையில மண்ணைக் கலந்துட்டான்" என்று தெற்கு மாசி வீதிக் காப்பி கிளப்பில் சொன்னார். பட்டறையில் சொன்னார். கேட்டவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். மலையாண்டிக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

அந்த வியாழக்கிழமை மதிலிலிருந்து அவர் இறங்குவதற்குள் அவர் மனைவி நாகமணி வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு கூடை. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிர பாஷை. நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"ரங்கு பழம் அனுப்பியிருக்கா. தோட்டத்துல ஊத்து கண்டதுலேர்ந்து எந்தத் தார் வெட்டினாலும் முதல் சீப்பு அண்ணனுக்குத்தானாம்."

"மாட்டுக்குப் போடு."

"மாடே சலிச்சுப் போச்சு. அதுக்கும் எத்தனை நாள்தான் உங்க கோபத்தைத் தின்னுக்கிட்டு இருக்கிறது?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வந்தவர் முத்துக்கருப்பன். கப்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அம்பலகாரர், ஊர்த் தலைவர். பின்னால் மலையாண்டி வந்தார். இந்த நாலு மாதத்தில் மனிதர் பாதியாகியிருந்தார்.

"எங்க ஊர்ல குடிதண்ணி ஊருணிக்குப் படித்துறை கட்டணும்" என்றார் முத்துக்கருப்பன். "மலையாண்டிக்குத்தான் வேலையைப் பேசி வெத்தலபாக்கு குடுத்தோம். இப்ப ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசிக்கிறாக. காரையில மண்ணு கலக்குற ஆளுன்னு நீங்க சொன்னீகளாம். ஊரே குடிக்கிற தண்ணி பாருங்க. அதான் ஒங்க வாயாலயே கேட்டுட்டுப் போகலாமுன்னு வந்தேன்."

துளசிராம் பேசுவதற்கு முன்னால் மலையாண்டி முந்திக்கொண்டார்.

"அய்யா, முப்பது வருசமா பூச்சுக் கரண்டி பிடிக்கிறேன். எம்பேரை ஒரு வார்த்தையில அழிச்சுப்புட்டீக. எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. ஒங்க பட்டறைச் சாயம் ரெண்டு கொடம். தண்ணியில கலந்துவிட்டா, அது எங்க போகுதுன்னு தெரிஞ்சிரும். காரை பூசுன எடமெல்லாம் சல்லடையாக் கசிஞ்சா, எம்மேல குத்தம். நான் கரண்டியைக் கீழ போட்டுர்றேன். ஒரே எடத்துல போச்சுன்னா, அது எந்த எடம்னு நீங்களே பாருங்க."

துளசிராமுக்கு உள்ளூரக் குஷி. இவன் மானம் என் சாயத்தாலேயே போகட்டும் என்று, பட்டறையில் இருந்ததிலேயே கெட்டிச் சிவப்பாகப் பார்த்து இரண்டு குடம் வரவழைத்தார். பத்து மணிக்குக் குளத்தில் ஊற்றினார்கள். முப்பத்தாறு அடியும் செக்கச் சிவந்தது. சாயங்காலம் வரை மூன்று பேரும் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கேயும் ஒரு சிவப்புப் பொட்டுக் கூட இல்லை. முத்துக்கருப்பன் அன்று சிம்மக்கல் சத்திரத்தில் தங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மூவரும் குளக்கரையில் நின்றார்கள். தண்ணீர் வழக்கம்போல ஒரு சாண் இறங்கியிருந்தது. "தண்ணீர் போயிருக்கு, தடத்தைக் காணோம். என்ன மாயம் செஞ்சு கட்டினியோ!" என்று துளசிராம் ஆரம்பித்த அதே நேரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரங்கநாயகியின் குரல் கேட்டது.

"அண்ணா! அண்ணி! ஓடி வாங்க! அம்மன் வந்துட்டா! ஊத்துல குங்குமமாப் பொங்கறா!"

எல்லாரும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், சரியாகத் துளசிராம் ஏறி நிற்கும் கல்லுக்கு நேர் பின்னால், தரையிலிருந்து தண்ணீர் பொங்கி வாய்க்காலில் ஓடியது. நாலு மாதமாகப் பத்ரிநாத் குடும்பம் தெய்வம் கொடுத்த ஊற்று என்று மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவந்த இடம். ஆடி வெள்ளிக்குப் பால் ஊற்ற வந்த ரங்கநாயகி, சூடத்தட்டை எடுத்து ஊற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்கால் நீளத்துக்கும், வாழைக்கு வாழை, துளசிராம் பட்டறையின் வெளுக்காத சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது.

பத்ரிநாத் குனிந்து ஒரு கை தண்ணீரை எடுத்துப் பார்த்தார். நூல் வியாபாரிக்கு அந்தச் சிவப்பைத் தெரியாதா?

"மச்சான், இது உங்க சாயமில்ல?" என்றார்.

துளசிராம் வாழைகளைப் பார்த்தார். தினம் காலையில் கல்லில் ஏறி நின்று எந்தத் தாரைப் பார்த்து வயிறெரிந்தாரோ, அந்தத் தாரெல்லாம் அவருடைய கிணற்றுத் தண்ணீரில், அவருடைய மாடுகள் இறைத்த தண்ணீரில் விளைந்தவை. தான் ஊற்றி வளர்த்ததையே பார்த்து நாலு மாதமாக வெந்திருக்கிறார்.

குளத்தை இறைத்து வடித்தார்கள். பழைய இருபத்தொன்பது அடியில் மயிரிழை விரிசல் கூட இல்லை. புது ஏழடியின் பூச்சும் கெட்டியாக இருந்தது. பழசும் புதுசும் சேரும் இடத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்திருந்தது. மலையாண்டி எந்த இடத்தில் பிளக்கும் என்று சொன்னாரோ அதே இடம்.

"ஒழுகினது வாஸ்தவம்தான்" என்றார் முத்துக்கருப்பன் யோசனையாக. "நாப்பது நாள் விட்டீகளா, ஒம்பது நாள்தான் விட்டீகளா, அதை ஒங்க வாயால கேட்டாத்தேன் ஊரு நம்பும். சொல்லுங்கய்யா. ஒங்க சொல்லை நம்பித்தான் எங்க ஊர் இருக்கு."

துளசிராம் நினைத்திருந்தால் அந்த நிமிஷம் தப்பித்திருக்கலாம். நாற்பது நாள் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி மலையாண்டியோடு போய்விடும். மலையாண்டி அவரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பிடித்த கரண்டி. துளசிராம் முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது நாள்" என்றார். "மேஸ்திரி சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னது நான். காரையில மண்ணும் கலக்கல, ஒண்ணும் கலக்கல. இவர் கையை நம்பி உங்க ஊருணியைக் குடுங்க. நான் சிம்மக்கல்லிலும் தெற்கு மாசி வீதியிலும் யார் யார் கிட்ட இவரைப் பத்திப் பேசினேனோ, அத்தனை பேர்கிட்டயும் இன்னைக்கே போய் மாத்திச் சொல்றேன். இவரும் கூட வரட்டும்."

மலையாண்டி முண்டாசுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொதலாளி, நான் ஒண்ணு கேக்கலாமா? கடுக்காயில முக்குன நூலைக் காயாம சாயத்துல போட ஒங்க பட்டறையில விடுவீகளா?"

"விடமாட்டேன்."

"அப்ப இங்க ஏன் விட்டீக?"

"அங்கே என் நூலைப் பார்த்தேன். இங்கே பக்கத்து வீட்டுக் குளத்தைப் பார்த்தேன்" என்றார் துளசிராம்.

பத்ரிநாத் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தாரில் ஒரு சீப்புப் பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். "ஊத்து உங்களுதுதான் மச்சான். இனிமேலாவது மாட்டுக்குப் போடாதீங்க." நாகமணி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. துளசிராம் வெட்கத்தோடு ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டார். நாலு மாதமாக அவர் வேண்டாம் என்று தள்ளிய பழம் தேனாக இனித்தது. கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"இப்ப என்ன செய்யட்டும்? ஏழடியையும் திரும்பப் பூசி இறுகவிடவா?" என்று கேட்டார் மலையாண்டி.

"வேண்டாம். இடிச்சு மூடிடுங்க. எங்க அப்பா கட்டின இருபத்தொன்பது அடி எனக்குப் போதும்."

சொல்லிவிட்டுத் துளசிராம் மதிலோரம் போனார். தினம் ஏறி நின்ற கருங்கல்லை இரண்டு கையாலும் பெயர்த்து, மூச்சு வாங்கச் சுமந்துவந்து மலையாண்டியின் காலடியில் போட்டார்.

"மூடுற சுவருக்கு இதை முதல் கல்லா வையுங்க மேஸ்திரி. அடுத்தவன் வாழறதைப் பார்த்து வயிறெரியறவனுக்குத் தன் வீட்டு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நாலு மாசம் இந்தக் கல்லு மேலே நின்னு, எனக்கு அது தெரியாமலே போச்சு."