ஆஞ்சப்பன் சுட்ட குண்டு

உத்தனப்பள்ளி ஆஞ்சப்பன் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் மணிவேலைப் பார்த்துச் சுட்ட குண்டு, அன்று சாயங்காலம் வரை ஒரு சாண் தூரம்தான் போயிருந்தது. ஓசூருக்கு வெளியே, மணிவேலின் பிரஸ் பட்டறை கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடை வாசலில், நெஞ்சு உயரத்தில் அது நகர்ந்துகொண்டிருந்தது. ஷிப்டு விட்டு வந்தவர்கள் டீ கிளாஸும் கையுமாகச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து ஊதிக்கூடப் பார்த்தான். செல்போனில் படம் எடுத்தவர்கள், வீடியோவில் ஒன்றுமே அசையவில்லை என்று சலித்துக்கொண்டு அழித்துவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். துப்பாக்கியை வாங்கிப் பார்த்து, இதையெல்லாம் துப்பாக்கி என்று எடுத்துக்கொண்டு போனால் ஸ்டேஷனில் சிரிப்பார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். யார் மேலும் படாத குண்டுக்கு வழக்குப் போட வழியில்லை, பட்டால் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். மணிவேல் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னா ஆஞ்சப்பா, உன்ன மாதிரியே உன் குண்டும் வேலைக்கு லேட்டாத்தான் வருமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

மணிவேலும் உத்தனப்பள்ளிக்காரன்தான். ஆஞ்சப்பனும் அவர் அப்பாவும் மணிவேலின் அப்பாவுடைய தக்காளித் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள். தோட்டத்தில் பாதியை விற்று மணிவேல் பட்டறை வைத்தபோது, பழைய பழக்கம் விடாமல் ஆஞ்சப்பன் தன் மகன் வெங்கட்டைக் கூட்டிக்கொண்டு போய்க் கைகட்டி நின்று வேலைக்குச் சேர்த்துவிட்டார். வண்டிகளுக்குத் தகட்டுச் சாமான் அடிக்கிற பிரஸ் அது. கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று அதில் இருந்தது. சும்மா சும்மா நிறுத்தி உற்பத்தியைக் கெடுக்கிறது என்று மணிவேல் அதைக் கழற்றி வைக்கச் சொன்னான். வெங்கட்டின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மூன்று வருஷமாக வேலை பார்த்தவனை, அன்றைக்குத்தான் வந்தான், தானாகப் போய் மிஷினைத் தொட்டான் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே மணிவேல் சொன்னான். சூப்பர்வைசரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஆமாம் போட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், அவர்களைச் சொல்லி என்ன பண்ணுவது. வெங்கட்டுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இடது கையால் சோறு தின்ன மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான். அம்மா ரங்கம்மா ஊட்டிவிட்டாள். மீசை வைத்த பிள்ளை, ஊட்டும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். அதைப் பார்க்க முடியாமல் ஆஞ்சப்பன் சாப்பாட்டு நேரமானால் மொபட்டை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்.

அப்படிக் கிளம்பிய ஒரு நாளில்தான் எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய்த் துப்பாக்கி வாங்கினார். பழைய வண்டிச் சாமான் விற்கிற மதுரைவீரன் என்பவன், சைலன்சர்களுக்கும் நசுங்கிய பெட்ரோல் டேங்குகளுக்கும் அடியிலிருந்து அதை உருவி எடுத்தான். பல கை மாறி வந்த கைத்துப்பாக்கி. உடல் முழுக்கத் துரு. உடைந்த பிடியைச் சணல் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அரைகுறையாக ஓடுகிற மொபட்டின் விலைகூட இல்லை. கூடவே ஒரே ஒரு தோட்டா. சுடுமா என்று ஆஞ்சப்பன் கேட்டார். "சுடாம இன்னா? கொஞ்சம் வேலை வெக்கும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்றான் மதுரைவீரன். அந்த எல்லையில் எந்தப் பழைய பொருளையும் அப்படித்தான், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று, பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் தலையில் கட்டுவார்கள். ஆஞ்சப்பன் அதைத் துணியில் சுற்றி, மொபட்டின் டூல்ஸ் பையில் ஸ்பேனர்களோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாகச் சரிசெய்து, தை பிறந்த பிறகு நிதானமாகச் சுடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனால் இடையில் ஆயுத பூஜை வந்தது. ரங்கம்மா வழக்கம்போல வீட்டிலிருந்த அரிவாள், கடப்பாரை, அரிவாள்மணை, தையல் மிஷின், மொபட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். டூல்ஸ் பையைக் கொட்டியதில் துப்பாக்கியும் வந்து விழுந்தது. அது என்ன, எதற்கு என்று அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. ஆனாலும் வீட்டில் இருக்கிற ஆயுதம் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்க மனம் வராமல், அதற்கும் பொட்டு வைத்து, தோட்டாவுக்கும் ஒரு துளி வைத்து, பொரிகடலை படைத்துவிட்டாள். ஆஞ்சப்பன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் ஒரு தடவையாவது உபயோகித்தாக வேண்டும். அரிவாள் என்றால் நாலு புல்லாவது அறுக்க வேண்டும். மொபட் என்றால் தெருமுனை வரை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் முழுக்கத் தொழில் விளங்காது. "இன்னும் அது ரிப்பேரே ஆகல, அதுக்குள்ள பொட்டு வெச்சிட்டியே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு, சணல் சுற்றிய துப்பாக்கியோடு ஓசூருக்குப் போய், கேட்டில் காரை விட்டு இறங்கிய மணிவேலைச் சுட்டார். மற்றவர்களாக இருந்தால் துரு எடுக்கும்வரை பொறுத்திருப்பார்கள்.

குண்டு கிளம்பிவிட்டால் துப்பாக்கிக்கு வேலை முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார். வெறுத்துப்போய் ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு எடுத்தபோது, ஓசூரில் குண்டு சாணிலிருந்து முழத்துக்கு மாறியதாக டீக்கடைக்காரர் போன் பண்ணினார். அன்றிலிருந்து ஆஞ்சப்பனுக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஓசூரில் கிடைக்காத பட்டறை எது? ஒரு சந்தில் ஸ்பிரிங் செய்வார்கள், அடுத்த சந்தில் கடைசல் பிடிப்பார்கள், அதற்கடுத்த சந்தில் முலாம் பூசுவார்கள். மருந்தடிக்கிற மிஷினுக்கு என்று சொல்லி ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு இடத்தில் செய்து வாங்கினார். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஈட்டி மரத் துண்டில் தன் உள்ளங்கைக்கு அளவெடுத்துப் பிடி போட்டார். ஒவ்வொன்றை மாற்றும்போதும் குண்டுக்குக் கால் முளைத்தது. எறும்பு வேகம் கோழி வேகமாயிற்று, கடைசியில் மேய்ச்சல் முடிந்து வீடு திரும்புகிற மாட்டின் நடைக்கு வந்து நின்றது.

அந்த நாட்களில் வெங்கட் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டான். "அப்பா, அந்தப் பட்டறைங்கள்ல எங்கியாச்சும் சொல்லி, இந்தக் கட்டை வெரலுக்குத் தோதா ஒரு பிடி போட்டு ஸ்பூன் செஞ்சித் தாங்களேன். அம்மா கைய எதிர்பாத்துக்கினே இருக்க முடியல." செய்துவிடலாம் என்றார் ஆஞ்சப்பன். அடுத்த வாரம் துப்பாக்கிக்கு முலாம் பூசி வந்தார். அதற்கடுத்த வாரமும் கேட்டான், இந்த வேலை முடியட்டும் என்றார். பிறகு அவன் கேட்கவில்லை. மகனுக்காகத்தானே இவ்வளவும் என்று ஆஞ்சப்பன் உண்மையாகவே நம்பினார். அதுதான் கொடுமை.

மாட்டு நடையில் ஒரு குண்டு தேடி வந்தால், கார் இருக்கிறவனுக்கு அது பெரிய தொந்தரவில்லை. குண்டு பட்டறைக்குள் நுழைகிற அன்று மணிவேல் உத்தனப்பள்ளித் தோட்டத்து வீட்டில் இருப்பான். குண்டு ராயக்கோட்டை சாலையில் வருகிறது என்று தெரிந்தால் சாமல்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவான். குண்டும் அலுக்காமல் திரும்பி நடக்கும். சனங்களுக்குப் பழகிப்போயிற்று. பஸ் டிரைவர்கள் மாட்டுக்கு நிறுத்துவதுபோல அதற்கும் நிறுத்தினார்கள். பொட்டு வைத்த குண்டு என்று தெரிந்ததும் பாப்பம்மா என்கிற பூக்காரி சாமந்திச் சரம் ஒன்றை அதன் மேல் போட்டாள். அது காய்ந்து உதிரும்வரை குண்டு பூவோடே போயிற்று. மணிவேல் இளைக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. போகிற இடத்திலெல்லாம் புதிதாக ஆர்டர் பிடித்தான். சாமல்பட்டி ரோட்டோரம் இரண்டாவது பட்டறைக்கு இடம்கூடப் பார்த்தான். அங்கே போடப்போகிற பிரஸ்களை சென்சார் இல்லாமலே வாங்கினால் விலை குறையும் என்று பேசியதாகச் சொல்கிறார்கள்.

அங்கே தங்கியிருந்தபோதுதான் மணிவேலுக்கு டெங்கு வந்தது. குண்டு கிருஷ்ணகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கொசு முந்திக்கொண்டது. நல்ல ஆஸ்பத்திரியில், நல்ல மெத்தையில், மனைவி மக்கள் சுற்றி நிற்க, யாருக்கும் பதில் சொல்லாமல் அவன் செத்துப்போனான். குண்டு போய்ச் சேர்ந்தபோது சாமல்பட்டிச் சுடுகாட்டில் சிதை எரிந்துகொண்டிருந்தது. புகை அடங்கும்வரை குண்டு ஓரமாக நின்றதாகவும், பிறகு வந்த வழியே திரும்பியதாகவும் சாவுக்குப் போனவர்கள் சொன்னார்கள். பட்டறையை மணிவேலின் தம்பி ஹரீஷ்குமார் எடுத்துக்கொண்டான். குண்டு அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓசூர் போகிற கிளைச் சாலையையும் விட்டுவிட்டு ராயக்கோட்டைக்கு வந்தது. அங்கிருந்து உத்தனப்பள்ளிப் பக்கம் திரும்பியது. ஆளில்லாத குண்டு அனுப்பியவரிடம்தானே வரும்.

ரங்கம்மா அழுதாள், திட்டினாள், கடைசியில் பையில் துணி எடுத்து வைத்தாள். "அஞ்செட்டியில எந்தம்பி வூட்டுக்கானா போய் இருங்க. அந்த மணிவேல் அப்படித்தான வருசக்கணக்கா தப்பிச்சான்." ஆஞ்சப்பன் சிரித்தார். "அவனுக்குக் கார் இருந்துச்சி ரங்கம்மா. நான் அஞ்செட்டி பஸ்ஸுக்கு நிக்கறதுக்குள்ள அது எனக்கு முன்னால ஏறி உக்காந்துக்கும்" என்றார். பிறகு துப்பாக்கியை எடுத்து, இத்தனை காலம் மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்பிரிங்கைக் கழற்றினார், கடைசல் சாமானைக் கழற்றினார், முலாமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். குண்டின் வேகம் குறைந்துகொண்டே வந்து, அவர்கள் தெருமுனையில் மறுபடியும் நாளுக்கு ஒரு சாண் என்று ஆயிற்று. மிச்சமிருந்த இரும்பைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கியும் அந்தச் சாண் மட்டும் குறையவில்லை. அது துப்பாக்கியோட வேகமில்லை, உங்களோடது என்றாள் ரங்கம்மா.

கழற்றிப் போட்ட சாமான்களில் ஈட்டிப் பிடி மட்டும் அழகாக இருந்தது. ஆஞ்சப்பன் அதை எடுத்துக்கொண்டு வெங்கட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலை அளவெடுத்தார். விபத்து நடந்த பிறகு அந்தக் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. ராவி, குடைந்து, விரல் பதிகிற இடத்தில் பள்ளம் வைத்து, எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை அதில் இறுக்கினார். முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று வெங்கட் தானே களியும் கீரையும் எடுத்துச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, "இவ்வளவு சுளுவான வேலையாப்பா இது?" என்று கேட்டான். ஆஞ்சப்பன் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். போயிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

குண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகக் கடந்து வந்தது. எதிர்வீட்டு நாராயணம்மா அதைப் பார்த்து மாதக் கணக்குச் சொன்னாள். மழைக்காலத்தில் நனைந்துகொண்டே வந்தது. வாசற்படி தாண்டி உள்ளே நுழைந்த பிறகு, தண்ணீர்க் குடத்தோடு போகும்போது ரங்கம்மா அதற்குக் குனிந்து போகப் பழகிக்கொண்டாள். அந்த வருஷத்து ஆயுத பூஜையன்று அது கூடத்தில், ஆஞ்சப்பனின் நாற்காலியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ரங்கம்மா அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் மொபட்டுக்கும் பொட்டு வைத்தாள். வெங்கட்டின் ஸ்பூனைக் கழுவித் துடைத்து, ஈட்டிப் பிடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். குண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கிண்ணத்தை மூடிக்கொண்டு திரும்பினாள். "அதுக்கும் வை" என்றார் ஆஞ்சப்பன். "நான் அனுப்புனது. நடந்து நடந்து வூடு வந்து சேந்திருக்குது. வெறுமனே நிக்க வெக்கலாமா?" ரங்கம்மா குங்குமத்தைத் தொட்டு அதன் மேல் ஒரு துளி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ரங்கம்மா கொல்லையில் நாலு புல் அறுத்துவிட்டு அரிவாளைச் செருகினாள். ஆஞ்சப்பன் மொபட்டைத் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். வெங்கட்டை எழுப்பி, ஸ்பூனைக் கையில் மாட்டிவிட்டு, தட்டில் சோறு போட்டு, ஒரு வாயாவது எடுத்துச் சாப்பிடச் சொன்னார். அவன் முதல் வாய் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.